வாயால் சொல்லும் மகன் எழுதத் தயங்கும்போது

வணக்கம் சகோதரி. பினாங்கின் பட்டர்வொர்த் பெரி (பயணிகள் படகு) பயணத்தை அரைமணி நேரம் சொல்லும், பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன், எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நிறுத்திவிடுகிறான் என்று வருந்தியிருந்தீர்கள். அது சோம்பல் அன்று. கதையை நினைவில் நிறுத்துவதும், லகர ளகர ழகரத்தைத் தேர்வதும், கையெழுத்தும் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுகின்றன. வாசிக்கக் கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் வாய்மொழிக் கூறலை 6 வயதில் தொடங்கிய ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனும், ஏறக்குறைய 10 வயதில்தான் பிள்ளைகளை எழுத வைத்தார்.

அவன் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் அவனிடம் விட்டு, வாரந்தோறும் ஒன்றைக் கூட்டுங்கள். அவன் ‘பெரி கெளம்பிருச்சி’ என்றால், ‘பெரி கிளம்பிவிட்டது’ என்று எழுதி உரக்க வாசித்துக் காட்டுங்கள். பேச்சு எழுத்தாக மாறும் இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். சிவப்புப் பேனாவை, தயவுசெய்து, இப்போது எடுக்க வேண்டாம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தைப் பற்றி என் மகள் முதலில் எழுதியது ‘காவடி கனமா இருந்துச்சி’ என்ற ஒரே வரிதான். அதைத் திருத்தாமல் அவள் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன்.