நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே "கம்பெனி எங்களை அடிமை மாதிரி நடத்துகிறது" என்று ஐடிக்காரர்கள் புலம்புவது நியாயமா?

கேட்டவர் ஐடியில் இல்லாதவராக இருப்பார். அல்லது சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத, இன்னும் பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல் சும்மா) உட்கார்ந்து பார்க்காத தம்பியாக இருப்பார். எதுவானாலும் கோபமில்லை. இதே கேள்வியை 1970 ஜனவரியில் அமெரிக்க டிவியில் ஒருவரிடம் கேட்டார்கள். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறீர்களே, அது என்ன அடிமைக்குக் கொடுக்கிற கூலியா என்று. "நல்ல சம்பளம் வாங்குகிற அடிமையும் அடிமைதான்" என்றார் அவர்.

கர்ட் ஃப்ளட். பேஸ்பால் வீரர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர். அந்த ஊரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் அவரைப் பற்றித் தெரியும். எப்படித் தெரியவந்தது என்பதுதான் என் கதை.

2007-ல் சென்னையில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், இப்போது வேறு போர்டு மாட்டி நடத்துகிறார்கள். சேரும் அன்றே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லா ஒரிஜினலும் ஒரு பிரவுன் கவருக்குள் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் வேறு. அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஹெச்1பி விசா போட்டு அனுப்பினார்கள். செயின்ட் லூயிஸில் ஒரு கிளையன்ட். வேலை பிடித்திருந்தது, ஊரும் பிடித்திருந்தது. 2009-ல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பேசியது என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர் பையன், அப்போது அவன் 'ரிசோர்ஸ் மேனேஜர்'. "ஜி, மண்டே ஒமாஹால ரிப்போர்ட் பண்ணிடுங்க, அட்ரஸ் மெயில்ல இருக்கு." வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டு லீஸ் முடிய இன்னும் ஐந்து மாதம். அவனிடம் சொன்னேன். "புரியுது ஜி" என்றான். அவ்வளவுதான் உரையாடல்.

மறுநாள் கேன்டீனில் கிளையன்ட் பக்கத்து டேட்டாபேஸ்காரர் ஒருவர், உள்ளூர்க் கறுப்பினத்தவர், ரிட்டையர் ஆகிற வயசு, எதிரே வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஊர்ல ஒருத்தனுக்கு இப்படித்தான் போன் வந்துச்சு, அவன் போகல" என்றார். அரை மணி நேரம் பேசினார். அன்று ராத்திரி பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு நெட்டில் மீதியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளட் 1938-ல் ஹூஸ்டனில் பிறந்து ஓக்லண்டில் வளர்ந்தவர். 1956-ல் சின்சினாட்டி அணி எடுத்து, தெற்கு மாநிலங்களில் இருந்த கீழ்மட்ட லீக்குக்கு அனுப்பியது. ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்து வியர்வையில் நனைந்த யூனிஃபார்மை எல்லோரையும் போலக் கழற்றிக் குவியலில் போட்டிருக்கிறார். கிளப் ஆள் அதைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் தூக்கித் தனியாக எடுத்து, கறுப்பர்களுக்கான சலவைக்கடைக்கு அனுப்பியிருக்கிறான். வெள்ளைக்கார வீரர்கள் உடுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட, இவர் துணி வரும்வரை அம்மணமாக உட்கார்ந்திருந்தாராம்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அடிமை' என்ற வார்த்தையைச் சொல்ல ஃப்ளட்டுக்கு உரிமை இருந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய எனக்கு அது கிடையாது. கமெண்டில் வந்து "ரெண்டும் ஒண்ணா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றில்லை, எனக்கே தெரியும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பேஸ்பாலில் அவுட்ஃபீல்டு என்பது நம் பவுண்டரி லைன் ஃபீல்டிங் மாதிரி, ஆனால் மூன்றே பேர். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர், ரெண்டு பக்கமும் அவர்தான் ஓடவேண்டும். 1957 கடைசியில் கார்டினல்ஸுக்கு வந்த ஃப்ளட் பன்னிரண்டு வருஷம் அங்கே நின்றார். 1963 முதல் 1969 வரை ஏழு வருஷமும் தொடர்ந்து கோல்ட் குளவ், அதாவது சிறந்த ஃபீல்டர் விருது. 226 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஒரு பிழைகூட இல்லை. பேட்டிங் சராசரி .293, அதாவது ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 293 வெற்றிகரமான அடி ('ஹிட்'). 1964, 1967 இரண்டு வேர்ல்டு சீரிஸ் (சாம்பியனை முடிவுசெய்கிற இறுதித் தொடர்) கோப்பைகள்.

1968-லும் இறுதிப்போட்டி. ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 0-0. டெட்ராய்ட்டின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்தை ஃப்ளட் தப்பாகக் கணித்து முன்னால் ஓடிவிட்டார். திரும்புவதற்குள் கால் வழுக்கியது, பந்து தலைக்கு மேல் போனது. இரண்டு ரன். கோப்பை போச்சு. அவ்வளவு வருஷம் பிடித்ததெல்லாம் போய், இந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இது நன்றாகப் புரியும். எங்கள் வீக்எண்ட் கிரிக்கெட் டீமில் கேப்டன் என்னை மூன்று சீசன் லாங் ஆனில் மட்டுமே நிற்க வைத்தார். ஒரு ஓவர் தந்ததில்லை. சந்தா 200 டாலர் மட்டும் கரெக்டாக வாங்குவார். ஒருநாள் வெயில் கண்ணில் அடித்து ஒரே ஒரு கேட்ச் விட்டேன், அடுத்த வாரம் பன்னிரண்டாவது ஆள். அவர் மச்சினன் ஸ்லிப்பில் விட்ட கேட்ச்களுக்குக் கணக்கே கிடையாது. சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1969 அக்டோபரில் விடியற்காலை ஃப்ளட்டுக்கு ஒரு போன். பேசியது முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை, கிளப் ஆபீஸில் யாரோ ஒரு இடைநிலை ஆள். உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

அப்போதைய ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு ஷரத்து. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான், ஆனால் முடிந்ததும் அதை இன்னொரு வருஷம் நீட்டிக்கிற உரிமை கிளப்புக்கு உண்டு. நீட்டித்த வருஷத்திலும் அதே ஷரத்து இருக்கிறது என்று கிளப்புகள் வாதாடின. அதாவது ஆயுசுக்கும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துவிட்டு "ஆட்டை விற்கிற மாதிரி விற்கிறார்கள்" என்பவர்கள் கவனிக்கவும்: ஏலத்தில் வீரர் தானே பெயர் கொடுக்கிறார், ஒப்பந்தம் முடிந்தால் வெளியே வரலாம். அன்றைய பேஸ்பாலில் அதுவும் கிடையாது.

1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் கமிஷனர் (லீக்கின் தலைமை நிர்வாகி) போவி கூனுக்கு ஃப்ளட் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷம் ஆடியபிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற சொத்தாக என்னை நான் நினைக்கவில்லை என்று. கோர்ட்டுக்குப் போகவும் தயாராக இருந்தார். வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்: வழக்கு தோற்கும், ஜெயித்தாலும் உனக்கு இனி வேலை கிடைக்காது. மற்ற வீரர்களுக்கு உதவுமா என்று கேட்டார் ஃப்ளட். உதவும் என்றார் மில்லர். அது போதும் என்று இறங்கிவிட்டார்; கமிஷனர் மறுத்ததும் வழக்குப் போட்டார். ஃபிலடெல்ஃபியா தர இருந்த சுமார் 1,00,000 டாலரையும் வேண்டாமென்றார்.

விசாரணைக்கு, மேஜர் லீக்கின் நிறத்தடையை 1947-ல் உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூடக் கோர்ட் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. எனக்கு உறைத்தது இந்த இடம்தான். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோல்வி. பேஸ்பாலுக்கு மட்டும் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு இருப்பது முரண்தான், ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், ஆரம்பத்திலேயே பழைய வீரர்கள் எண்பது சொச்சம் பேரின் பெயரை ஆசை ஆசையாக வரிசை போட்டிருக்கிறார். வழக்குப் போட்டவன் வயிறு எரிகிறது, இவருக்கு ரசிகர் மன்றம்.

நடுவில் 1971-ல் வாஷிங்டன் அணிக்காக ஆடிப் பார்த்தார். ஒரு வருஷம் சும்மா இருந்த உடம்பு. 13 ஆட்டம், 35 தடவை மட்டை பிடித்து 7 ஹிட். ஏப்ரலிலேயே விட்டுவிட்டு ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போய் ஒரு பார் நடத்தினார். குடி முற்றியது, கடன். 1975 டிசம்பரில் மெசர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) விஷயத்தில், ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கிற மத்தியஸ்தரின் தீர்ப்பு வந்து ரிசர்வ் கிளாஸ் உடைந்தது. வீரர்கள் கோடிகளில் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். ஃப்ளட்டுக்கு ஒரு பைசா இல்லை. 1997 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார், வயது 59. வீரர்கள் விஷயத்தில் அந்த விலக்கை நீக்கி அவர் பெயரில் சட்டம் வந்தது அடுத்த வருஷம். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் மில்லர் இருக்கிறார், ஃப்ளட் இல்லை.

நான்? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நேரம் கார் ஓட்டி ஒமாஹா போனேன். லீஸ் உடைத்த அபராதம் என் கையிலிருந்து. பிரசவத்துக்கு மூன்று நாள் லீவு. ஆகவே "எதிர்த்து நில்லுங்கள் தோழர்களே" என்று எழுத எனக்கு யோக்யதை இல்லை. விசா, குழந்தை, ஊரில் வீட்டுக் கடன் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன, எல்லோருக்கும் இருக்கும். ஆனால் "சம்பளம் தருகிறார்களே, அப்புறம் என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் வேலைக்கு. திங்கட்கிழமை நான் எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை.

கேட்ட தம்பி ஃப்ரெஷராக இருந்தால் ஒன்று: ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்குங்கள். என்னுடையதை வாங்க 2011-ல் அப்பா நான்கு தடவை பஸ் ஏறிச் சென்னை போனார். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் கெமிஸ்ட்ரி மார்க் மேல் வட்டமாக ஒரு டீ டம்ளர் கறை.