நஞ்சுக்கொடி இரண்டு என்றாலும் ஒரே கரு இரட்டையராக இருக்கலாம்

வணக்கம். ஆய்வுகளுக்காக இரட்டையர் விவரங்களைத் திரட்டும் பதிவேட்டில் சேர ஆசை, ஆனால் பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி இரண்டு இருந்ததால் நீங்கள் ஒரே கரு இரட்டையர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், உங்களோடு இரட்டையராகப் பிறந்த தம்பிக்கும் சேர விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நஞ்சுக்கொடிக் கணக்கை நம்பாதீர்கள். கருவுற்ற முட்டை முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஒரே கரு இரட்டையருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உருவாகும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் இப்படித்தான். எங்களுக்கும் நாற்பது வயதுவரை அதே கதை. அக்காவும் நானும் ஆளுக்கொரு சிறு குழாயில் கோடு தொடும்வரை எச்சில் துப்பிக் கொடுத்த பிறகுதான் டிஎன்ஏ ஒன்றே என்று தெரிந்தது.

அப்படி இல்லாவிட்டாலும் நீங்கள் தேவைதான். ஒரே கருவில் வந்தவர், தனித்தனிக் கருவில் வந்தவர் என இரண்டு வகை இரட்டையரையும் ஒப்பிட்டால்தான் மரபணுக்களின் பங்கு பிடிபடும். டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையரை ஆராய்ந்து 1996-ல் வந்த ஆய்வு, ஆயுள் வேறுபாட்டில் மரபின் பங்கு கால்வாசி அளவுதான் என்று கண்டது இப்படித்தான்.

சரி, தம்பி விஷயம். சில பதிவேடுகள் ஒருவரை மட்டும்கூடச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் டிஎன்ஏ ஒன்றாக இருந்தால் உங்கள் பரிசோதனையில் தெரியவருவது அவருக்கும் பொருந்தும். நோய் அபாயம் தெரியவந்தால் சொல்வார்களா, பாதியில் விலகலாமா என்று ஒப்புதல் படிவத்தில் பாருங்கள், அவரிடமும் காட்டுங்கள். வற்புறுத்த மட்டும் வேண்டாம். கேள்வித்தாள் மட்டும் போதுமா என்று பதிவேட்டில் கேளுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கக்கூடும்.