முன் அச்சுக்கு லாக்கர்: சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து சில பதில்கள்

லாசா, லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் முன் அச்சு லாக்கரை (அச்சின் இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டும் கருவி) பற்றியவற்றுக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். வின்ச் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை நான்கு சக்கர இயக்கத்தில் போட்டும் செம்மண் சேற்றில் நின்றுவிடுகிறது. நான்கு சக்கரமும் சுற்ற வேண்டாமா?

வேண்டாம், தம்பி. சாதாரண டிஃபரென்ஷியல், அதாவது அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதி, இடது, வலது சக்கரங்களுக்கு முறுக்குவிசையைச் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒரு சக்கரம் வடிகாலுக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற அற்ப விசை போதும். அதே அற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வீணாகச் சுழல, வண்டி அசையாது. லாக்கர் இரண்டு அச்சுத்தண்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், பிடிமானம் உள்ள சக்கரம் தன்னால் தாங்க முடிந்த அளவு விசையை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன் டயரைப் பாருங்கள். பள்ளங்களில் செம்மண் அப்பி டயர் வழுவழுப்பாகிவிட்டால், லாக்கர் போட்ட பிறகு ஒன்றுக்குப் பதில் இரண்டு சக்கரங்கள் சுழலும், அவ்வளவுதான். நல்ல சேற்று டயரும், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமும் முதலில் வரட்டும்.

பின் அச்சில் வண்டியோடு வந்த லாக் இருக்கிறது. முன்னாலும் தேவையா?

குடியிருப்பிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் மேடை வரை போய்வருபவருக்குத் தேவையில்லை. மேடு ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. பெரும்பாலான வேலையைப் பின் லாக்கே முடித்துவிடும். இதைச் சொன்னால் என் வியாபாரம்தான் குறையும், இருந்தாலும் சொல்கிறேன்.

முன் லாக்கர் தன் விலைக்கு உழைக்கும் இடங்கள் வேறு. டுரியான் பருவத்தில் கோலா மூ பக்கம் மழை பெய்த மலைப்பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும்: சக்கரத் தடங்கள் ஆழமாகி, முன் சக்கரம் விளிம்பில் ஏற முடியாமல் முட்டி நிற்கும். அப்போது முன் அச்சு தானே இழுத்து ஏற வேண்டும். பாதி மேட்டில் சிக்கிக் கீழே இறங்கி, பின்கியரில் வேறு மேட்டின் மேல் ஏற வேண்டிய நேரத்திலும் எடையில் பெரும்பகுதி முன் அச்சின் மேல் இருக்கும்.

இன்னொன்று: சில பிக்கப்களில் பின் லாக்கை அழுத்தியதும் மின்னணு இழுவைக் கட்டுப்பாடு அணைந்துவிடும். அப்போது முன் அச்சு வெறும் திறந்த டிஃபரென்ஷியல்தான். வேறு சிலவற்றில் முன் சக்கரங்களுக்கு மட்டும் அது தொடர்ந்து வேலை செய்யும். உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் மலிவாகக் கிடைக்கிறதே, ஐயா?

பின் அச்சென்றால் யோசிக்கலாம். முன் அச்சு திசை திருப்பும் அச்சு. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். பூட்டிக் கிடந்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும், ஸ்டியரிங் கையை எதிர்க்கும். சுவிட்ச் உள்ள லாக்கரென்றால் வளைவுக்கு முன் விடுவித்துவிடலாம்; தானியங்கி வகை உங்களைக் கேட்காது.

டோர்சன் போன்ற பல்சக்கர எல்எஸ்டி (சக்கரம் வீணாகச் சுழல்வதை மட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) முன்னால் மென்மையாக ஓடும். ஆனால் அது பலவீனமான பக்கத்தின் விசையைப் பெருக்கித்தான் மறுபக்கம் தரும். சக்கரம் முழுவதும் தொங்கினால் பெருக்குவதற்கு எதுவும் இல்லை. பிரேக்கை லேசாக மிதித்து ஏமாற்ற வேண்டியிருக்கும்.

காற்றில் இயங்குவதா, மின்சாரத்தில் இயங்குவதா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். ஏஆர்பி ஏர் லாக்கர், டிஜேஎம் ப்ரோ லாக்கர் ஆகியவை காற்றில் இயங்குபவை. ஈட்டன், ஹாரப் ஈலாக்கர்கள் மின்காந்தத்தில் இயங்குபவை.

காற்று வகைக்குக் கம்ப்ரசர், குழாய், சோலனாய்டு (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு) எல்லாம் வேண்டும். பூட்டு உறுதியானது; முன்னே போனாலும் பின்னே வந்தாலும் பூட்டியே இருக்கும். அதே கம்ப்ரசரால் டயருக்குக் காற்றும் அடிக்கலாம் என்பது நம் ஊருக்குப் பெரிய லாபம். குறை குழாயிலும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கிலும்தான். குழாய் உரசி ஓட்டையானால் காற்று வெளியேறி லாக் விடும்; அதை வழியிலேயே வெட்டி இணைத்துவிடலாம். உள்ளே ஓ ரிங் கசிந்தால் காற்று எண்ணெய்க்குள் புகுந்து, பிரீதர் (டிஃபரென்ஷியலின் காற்றுப்போக்கி) வழியாக எண்ணெயைத் துப்பும். பிரீதர் முனையில் ஈரமான கறுப்புக் கறை, கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடும் சத்தம்: இவை இரண்டும் சேர்ந்து தெரிந்தால் டிஃபரென்ஷியலைத் திறந்தே ஆக வேண்டும்.

மின்காந்த வகையில் கம்பிகள் மட்டுமே, பொருத்துவது எளிது. அதன் பந்து-சரிவு அமைப்பு பூட்டிக்கொள்ளச் சக்கரங்கள் சற்றே சுழல வேண்டும். திசை மாறும்போது ஒரு கணம் விட்டு மறுபடி பிடிக்கும். சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி வெளிவருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். தண்ணீர் கடப்பவர்கள் கம்பி இணைப்புகளை நன்றாக அடைக்க வேண்டும்.

என் தேர்வு, முன் அச்சுக்குக் காற்று. ஏற்கனவே பின்னால் ஈலாக்கர் வைத்துக்கொண்டு கம்ப்ரசருக்கு இடமில்லாமல் தவிப்பவர் மட்டும் மின்காந்தத்துக்குப் போகட்டும்.

பட்டறையில் சரியாகப் பொருத்தினார்களா என்று எப்படித் தெரியும்?

டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றி எடுத்த தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ ஒதுங்கினால் அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் ஆழம் சரியில்லை. பல்லிடைவெளியை டயல் கேஜில் அளந்து எழுதித் தரட்டும். பல டொயோட்டா டிஃபரென்ஷியல்களுக்கு அது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை. பழைய பேரிங்கையே திரும்பப் போடுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ‘கண்ணாலேயே பார்த்துவிட்டேன்’ என்பவரிடமும்தான்.

வாங்குவதற்கு முன் அச்சுத்தண்டின் ஸ்ப்லைன் (தண்டு நுனியில் உள்ள பள்ளப் பற்கள்) எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும் உறுதிசெய்யுங்கள். பெரிய டயருக்காக விகிதத்தை மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

சுசுகி ஜிம்னிக்கு முன் லாக்கர் பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் முதலில் பின் அச்சுக்கு. முன் சிவி ஜாயிண்டுகள் (திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் மூட்டுகள்) சிறியவை. பெரிய டயரும் முன் லாக்கரும் சேர்ந்தால் முதலில் உடைவது அவைதான்.

சிவி ஜாயிண்ட் உடையாமல் ஓட்ட வழி?

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் லாக்கைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரத்தை நேராக்கி, வேகத்தை முற்றிலும் குறைத்து, பூட்டி, மெதுவாக இழுங்கள். தடை தாண்டியதும் அணைத்துவிடுங்கள். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டுவதும் பற்களுக்குக் கேடு.

செம்பனைத் தோட்டத்துப் படிக்கட்டுச் சரிவில் குறுக்காகப் போகும்போது இரண்டு லாக்கரும் போடலாமா?

கூடாது. பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்து வண்டி பக்கவாட்டில் நழுவாமல் காக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒரே நேரத்தில் வழுக்கினால் வண்டி அப்படியே பள்ளத்துப் பக்கம் சறுக்கும். ஈரமான களிமண்ணில் முன் லாக்கை விடுவியுங்கள்; அது போதாவிட்டால் பின்னதையும். அப்போதும் நழுவினால் மேலே இருக்கும் மரத்தில் வின்ச் கயிற்றைக் கட்டுங்கள், மரத்தைச் சுற்றி அகலமான நாடாப் பட்டை போட்டு.