பத்தொன்பது தோல்விகள்

அன்புள்ள சார்,

ஷுகர் ரே ராபின்சனைத்தான் எல்லாக் காலத்துக்கும் பெரிய குத்துச்சண்டை வீரர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. ஃப்ளாய்ட் மேவெதர் 50 ஆட்டம் ஆடி 50-லும் ஜெயித்தவர். ராபின்சனுக்கு 19 தோல்வி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருவரும் ஒரே வயதில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? ஒரு காரணமாகத்தான் கேட்கிறேன். என் மகனுக்கு 14 வயது. அவன் அறைச் சுவர் முழுக்க மேவெதர் படம். போன மாதம் முதல் போட்டியிலேயே தோற்றுவிட்டான். 'என் ரெக்கார்டு போச்சு, இனிமேல் போகமாட்டேன்' என்கிறான்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரம் ராபின்சனின் ஆட்டப் பட்டியலைத்தான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இருவரும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பதை டீக்கடைப் பேச்சுக்கு விட்டுவிடலாம். அதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த 19-ஐ நீங்கள் எழுதிய விதம்தான் எனக்குக் கோபம் வரவைத்தது. பிள்ளையின் ரேங்க் கார்டில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அப்பாவைப் போலப் பார்த்திருக்கிறீர்கள். எப்போது தோற்றார், யாரிடம் தோற்றார், தோற்ற பிறகு என்ன செய்தார்? ஒன்றையாவது தேடிப் பார்த்தீர்களா?

ராபின்சன் தொழில்முறையில் ஆடத் தொடங்கியது 1940-இல். 1952-இல் ஓய்வு பெறும்போது 130-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தார். தோல்வி மூன்றே மூன்று. மிச்சம் 16-உம் 1955-இல் அவர் திரும்பி வந்த பிறகு விழுந்தவை. அப்போது வயது 33. கையில் இருந்த பணமெல்லாம் கரைந்துபோய்த்தான் திரும்பி வந்தார். 1965-இல் மட்டும் ஐந்து தோல்வி, வயது 44. அந்த ஐந்தையும் சேர்த்துக் கூட்டி மேவெதருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். இது நியாயமா?

முதல் தோல்வியைப் பாருங்கள். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். எதிராளி ஜேக் லமோட்டா, ராபின்சனைவிட ஏழு கிலோவாவது எடை கூடியவர். அதுவரை 40 ஆட்டங்களில் தோல்வியே அறியாத ராபின்சனை ரிங்குக்கு வெளியே விழும்படி அடித்தார் அவர். சரி, போச்சு. உங்கள் மகன் சொல்வதுபோல ரெக்கார்டு போச்சு. ராபின்சன் என்ன செய்தார்? 19-ஆம் தேதி நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு ஆடி ஜெயித்தார். 26-ஆம் தேதி மறுபடி அதே டெட்ராய்ட், அதே லமோட்டா. ஏழாவது ரவுண்டில் ராபின்சன் மறுபடி கீழே விழுந்தார். எழுந்து ஆடி, புள்ளிகளில் ஜெயித்தார். மறுநாள் ராணுவத்தில் சேரவேண்டும். 21 நாளில் மூன்று ஆட்டம், அதில் இரண்டு தன்னைத் தோற்கடித்த ஆளோடு! இன்றைய சாம்பியன்களில் பலர் வருடத்துக்கு இரண்டு முறை ரிங்குக்கு வந்தாலே பெரிது.

அந்த லமோட்டாவோடு மொத்தம் ஆறு முறை ஆடினார், ஐந்தில் ஜெயித்தார். 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் நியூயார்க்கில் கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிய, பத்தாவது ரவுண்டில் டர்பினை மேலே ஆடமுடியாமல் நிறுத்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். மூன்றாவது தோல்வி ஜோயி மேக்சிமிடம். 1952 ஜூன் மாத வெக்கையில் நடுவரே தாங்கமுடியாமல் வெளியேறி, வேறு நடுவர் வரவேண்டியிருந்தது. புள்ளிகளில் முன்னால் இருந்த ராபின்சனால் 14-ஆவது ரவுண்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு நீண்ட வாழ்க்கையில் அவரை ஆட்டம் முடியும் முன் நிறுத்திய தோல்வி அது ஒன்றுதான்.

என் பெரியம்மா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், பர்மா பஜாரில் ஒரு வீடியோ கேசட் வாங்கிவந்தார். பழைய ஆட்டங்களின் தொகுப்பு, தேய்ந்துபோன படம். அதில் ஒரு குத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். 1957 மே 1, சிகாகோ, ஐந்தாவது ரவுண்டு. ஜீன் ஃபுல்மர் முன்னால் வருகிறார். ராபின்சன் பின்னால் போய்க்கொண்டே வலது கையால் வயிற்றில் ஒன்று தருகிறார். ஃபுல்மரின் கை கொஞ்சம் இறங்குகிறது. உடனே இடது ஹூக், பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, தாடையில். ஃபுல்மர் அதுவரை யாரிடமும் நாக் அவுட் ஆனதில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறார், பத்து எண்ணி முடிந்துவிடுகிறது. ராபின்சனின் 36-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார்: 'ஜனவரில இதே ஆள்கிட்ட 15 ரவுண்டு அடி வாங்கினான்டா. அப்பப் பாத்து வெச்ச இடம் இது.' அதற்குப் பிறகு என்னால் தோல்விகளைக் கழித்தல் கணக்காகப் பார்க்க முடிந்ததில்லை.

வெற்றி என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே கூட்டிவிட முடியுமா? 1947 ஜூன் 24, கிளீவ்லேண்ட், ஜிம்மி டாயில், எட்டாவது ரவுண்டு. பட்டியலில் அது வெற்றி. டாயில் மறுநாள் இறந்துபோனார். அந்தப் பையனைத் தான் கொல்வதாக முந்தைய இரவு கனவு கண்டு, ஆடமாட்டேன் என்று மறுத்தவர் ராபின்சன். பாதிரியாரை அழைத்துவந்து பேசவைத்துத்தான் ரிங்கில் ஏற்றினார்கள். பிறகு தன் வருமானத்தில் டாயிலின் தாய்க்குப் பணம் கொடுத்தார்.

மேவெதரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தற்காப்பில் அவருக்கு இணையாகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆனால் அந்த 50-ஆவது ஆட்டம், 2017-இல், அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையே ஆடியிராத கானர் மெக்ரிகரோடு. அதை வைத்துப் பெருமை பேசாதீர்கள். அவரை மதிக்க வேண்டுமென்றால் 2002-ஐப் பாருங்கள். ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவோடு ஆடி ஜெயித்ததாகத் தீர்ப்பு வந்தது. பார்த்தவர்களில் பலர் காஸ்டியோதான் ஜெயித்தார் என்றார்கள். மேவெதர் நழுவவில்லை. டிசம்பரில் அதே ஆளோடு மறுபடி ஆடி, மறுபடி ஜெயித்தார். உங்கள் மகன் அறைச் சுவரில் இருக்கும் மனிதர் இதையும் செய்திருக்கிறார் என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா?

அவனிடம் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஃபுல்மர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள், ஜனவரியில் நடந்ததையும் சொல்லுங்கள். தன்னை ஜெயித்த பையன் எந்தக் கையால் அதிகம் அடித்தான், தான் எங்கே திறந்துகொடுத்தோம் என்று அவனையே கேளுங்கள். அவனுக்கு நன்றாக நினைவிருக்கும். அதன் பிறகும் போகமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். 14 வயதில் ஒரு விளையாட்டை விடுவது குற்றமில்லை.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் 50 இருக்கிறது, 19 இருக்கிறது. பையனுக்கு அடி பலமா, அப்புறம் தலைவலி என்று ஏதாவது சொன்னானா என்று ஒரு வரி இல்லை. டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.