‘ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 36. மூக்கோரத்திலிருந்து வாய்வரை மடிப்பு விழுகிறது. கோவையில் ஒரு பார்லரில், ‘நிரந்தர ஃபில்லர் (மடிப்பை நிரப்பும் ஊசி) போட்டால் ஆயுசுக்கும் போதும், ஓணத்துக்குள் வந்தால் சலுகை’ என்கிறார்கள். நான்கு வருடம் முன்பு நிரந்தர ஃபில்லர் போட்ட என் அண்ணிக்கு இப்போது உதட்டோரம் கட்டி தட்டுப்படுகிறது. நான் போட்டுக்கொள்ளலாமா? அண்ணி என்ன செய்யலாம்?

பதில்: வேண்டாம் அம்மா. ஆயுசுக்கும் இருக்கும் என்பது பொய்யில்லை. என் தயக்கமே அதனால்தான். தற்காலிக வகையான ஹையலூரானிக் அமில ஃபில்லர் கோணலாக அமைந்தால் ஹையலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். நிரந்தர ஃபில்லர்களான திரவ சிலிகான், பாலிஅக்ரிலமைடு ஜெல், பி.எம்.எம்.ஏ. என்னும் பிளாஸ்டிக் நுண்மணிகள் ஆகியவற்றைக் கரைக்க மருந்தே கிடையாது. முகத்தை நிரப்பச் சிலிகான் ஊசி போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்ததில்லை. பாலிஅக்ரிலமைடு ஜெல்லைச் சீனா 2006-இல் தடைசெய்தது. இன்னொன்று, வயதாக ஆக முகத்தில் கொழுப்பு குறையும், எலும்பு தேயும். ஃபில்லர் மட்டும் அப்படியே நிற்கும். இன்று அழகாகத் தெரிவது பிறகு மேடாகத் துருத்தலாம்.

அண்ணியின் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடம் கழித்துக் கட்டி வருவது அதிசயமில்லை. வெளிப்பொருளை உடம்பு செல்களால் சூழ்ந்து வேலி கட்டுகிறது; அதுதான் கிரானுலோமா. ஃபில்லரில் ஒட்டிக்கிடக்கும் கிருமிகளும் காரணமாகலாம். பல் சிகிச்சை, காய்ச்சலுக்குப் பிறகு திடீரென வீங்குவதும் உண்டு. அமுக்கிப் பார்ப்பது, மசாஜ், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். திருச்சூரிலோ கோவையிலோ அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் காட்டட்டும். அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் துளி திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கிருமி என்றால் ஆன்டிபயாடிக், கிரானுலோமா என்றால் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் நிலைமை மோசமாகும், அதனால் பார்லரில் ‘கரைக்கிற ஊசி’ என்று எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை கடைசி வழிதான். திசுவோடு பின்னிக்கிடப்பதை முழுசாக எடுக்க முடிவதில்லை, தழும்பும் விழலாம்.

எந்த ஃபில்லரும் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையும் போகலாம். போடும்போது தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சை வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

மடிப்பு உறுத்துகிறது என்றால் தோல் மருத்துவரிடம் ஹையலூரானிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். அடிக்கடி போட வேண்டியிருக்கும், செலவுதான். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லி, மருந்தின் பெயருள்ள ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஹையலூரானிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று முன்னாடியே விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு கிளினிக் பாருங்கள்.