பழைய வணிகப் பாதைகளில் வாழ்ந்த மக்களின் வரலாற்றையும் அவர்களின் செடிகொடி அறிவையும் சேர்த்துப் படிக்க ஆசை. யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்கலாம்?

சாயவேரில் தொடங்குங்கள். பட்டுப்பாதை வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வருசம் போனாலும் சமர்க்கந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரமாட்டீர்கள்.

மணல் தரையில் ஒட்டிக் கிடக்கும் சின்னச் செடி அது. ஒடுங்கிய இலை, பொடி வெள்ளைப் பூ. தெரியாதவர் மிதித்துக்கொண்டு போய்விடுவார். பெறுமதியெல்லாம் மண்ணுக்குள்ளே. வேர் மெல்லியது, ஆழமாக இறங்கும்; அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். நகத்தால் சுரண்டினால் செம்மஞ்சள் தோல் தெரியும். அலிசரின் என்ற சாயம் அதில்தான் இருக்கிறது. படிகாரம் ஏற்றிய பருத்தியில் அது சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வேர் போனது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இந்த வியாபாரத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வேர் கிண்டுவதோ குறிப்பிட்ட சாதியாரின் தலையில் விழுந்த வேலை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்த அதிகாரி சுவார்டகுரூன் 1697இல் எழுதிவைத்த நிர்வாகக் குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1911இல் வந்தது. சாயவேரும் யானை வியாபாரமும் அதில் வரும். 1868இல் ஜெர்மனியில் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அப்புறம் வேரை யார் தேடுவார்?

சித்த வைத்தியத்தில் இதே செடிதான் இம்பூறல்; இரத்தம் கக்கினால் கொடுப்பார்கள். வைத்தியரிடம் கேட்டால் மருந்தைப் பற்றிச் சொல்வார். எந்த மண்ணில், எந்த மாதத்தில் வேர் நன்றாக வரும் என்ற அறிவு கிண்டியவர்களின் குடும்பங்களில் இருந்தது. அந்த வீடுகளுக்குப் போகாமல் எழுதினால் பாதி ஆய்வுதான்.

நயினாதீவில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் பாருங்கள். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு (கருவூலத்துக்கு), மிச்சம் உடையவனுக்கு. மற்றப் பண்டங்கள் என்றால் சரிபாதி. விலங்குக்குத் தனிக் கணக்கு! மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையின் அகழ்வில் கிடைத்த மிளகும் கராம்பும், யாழ்ப்பாணத்துக்கு அருகேயுள்ள அல்லைப்பிட்டியின் சீனப் பீங்கான் ஓடுகளும் அடுத்த படி.

நெடுந்தீவுப் பெருக்கமரத்தை எல்லோரும் காட்டுவார்கள். அது ஆப்பிரிக்க மரம், சரி. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பதை மட்டும் ஊர்க்கதை என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

சாயவேர்ச் செடியைப் போன் படத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அந்த இனத்தில் ஒன்றைப்போல இன்னொன்று இருக்கும். பூவோடும் வேரோடும் ஒரு செடியை அழுத்திக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதி, பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் காட்டி உறுதிசெய்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.