ஏழு கிலோ எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் போய் வேலை பார்த்தவன் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எனக்கு வயது 49, எடை 71 கிலோ. செப்டம்பரில் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டபோது 78. இத்தனைக்கும் வீட்டுச் சாப்பாடுதான். ஓட்டல் இல்லை, டீக்கடை பஜ்ஜி இல்லை. உடற்பயிற்சி முன்பும் செய்ததில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. பிறகு எப்படி ஏறியது? ரயில் ஓடாததால் ஸ்கூட்டர் வாங்கினேன், இன்றுவரை அதில்தான் போகிறேன். எடை மட்டும் இறங்கவே இல்லை. "சோம்பேறித்தனம்" என்கிறாள் மனைவி. அவளுக்கு ஒரு கிலோகூட ஏறவில்லை.

கே., தாம்பரம்

அன்புள்ள கே.,

உங்கள் கேள்விக்கான விடை பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஸ்கூட்டரை ஏதோ போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

முதலில் ஒரு கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும் என்பார்கள். தோராயக் கணக்குதான். ஏழு கிலோவுக்கு 53,900. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை 160 நாள் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 340 கலோரிகூட இல்லை. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் பெரிய குற்றம் நடக்கவில்லை, பாருங்கள். இரண்டு கைப்பிடி மிக்சரும், நடக்காமல் விட்ட இரண்டு மூன்று கிலோமீட்டரும் போதும்.

உடற்பயிற்சியே செய்ததில்லை என்கிறீர்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, நடைமேம்பாலம், உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம், நுங்கம்பாக்கத்தில் படி, அங்கிருந்து அலுவலகம். சாயங்காலம் இதெல்லாம் தலைகீழாக இன்னொரு தடவை. இதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஜிம்முக்குப் போனவர்களுக்கு ஜிம் மூடியது தெரிந்தது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10 அன்று திறந்ததும் ஓடினார்கள். உங்களுக்கு எது மூடியது என்பதே தெரியவில்லை.

2020 ஏப்ரலில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். முதலில் பதில் சொன்ன 1,047 பேரில், ஒரு நாளில் உட்கார்ந்திருக்கும் நேரம் சராசரி ஐந்து மணியிலிருந்து எட்டு மணியாகியிருந்தது. கண்டதைத் தின்பது, இடையிடையே கொறிப்பது, கட்டுமீறிச் சாப்பிடுவது எல்லாம் கூடியிருந்தன. குடித்துக் கூத்தடிப்பது மட்டும் குறைந்திருந்தது. இணையம் இருந்தவர்கள் சொன்ன பதில் இது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் மொட்டைமாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே சுற்றிச்சுற்றி வந்த அதே வாரங்களில், வேலை போன வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையும் குழந்தையுமாக நெடுஞ்சாலையில் ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். எடை ஏறியதும் ஒரு வசதிதான். சரி, அதை விடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டில் சமைத்தது என்பதாலேயே அளவு கட்டுக்குள் இருக்கும் என்று யார் சொன்னது? அலுவலகத்தில் பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ். பாக்ஸ் காலியானால் சாப்பாடு முடிந்தது. வீட்டில் எது காலியாகிறது? எங்கள் வீட்டில் மதியம் ஒரு மணிக்குக் கடை மூடிவிடும் என்ற பயத்தில் அரைக்கிலோ மிக்சரை இரண்டு பாக்கெட்டாக வாங்கி எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்தோம். நான் உட்கார்ந்து எழுதும் நாற்காலியிலிருந்து அந்த டப்பாவுக்குப் பதினான்கு அடி. மூடி திறக்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று கட்டை விரலால் மெதுவாகத் தூக்கக் கற்றுக்கொண்டேன். பசி என்று ஒன்றும் கிடையாது. ஒரு போன் பேசி முடித்தால் ஒரு பிடி, செய்தியில் இன்றைய கொரோனா எண்ணிக்கை சொன்னால் ஒரு பிடி. அப்புறம் குக்கர் கேக், டால்கோனா காபி. எனக்கு நாலு கிலோ ஏறியது. மே மாதம் வரை வேட்டியில் இருந்ததால் தெரியவில்லை, பேன்ட் போட்ட அன்றுதான் தெரிந்தது.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஏன் ஏறவில்லை? வீட்டு வேலைக்கு வரும் அம்மா அந்த மாதங்களில் வந்தாரா? பெரும்பாலான வீடுகளில் வரவில்லை. எல்லோரும் நாள் முழுக்க வீட்டில், மூன்று வேளையும் சமையல், நடுவில் காபி, மலைபோலப் பாத்திரம். நீங்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அவர் நின்றுகொண்டிருந்திருப்பார். அதைப் போய் நல்ல உடற்பயிற்சி என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறித்தனம் என்ற வார்த்தையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அவர் எந்த இடத்தில் நின்று அதைச் சொல்கிறார் என்பது புரிகிறது.

2020 செப்டம்பர் வரையான கணக்கில் ஊரடங்கு மேல் பழி போடலாம். புறநகர் ரயிலில் பொதுமக்களில் ஆண்களை ஏற்றியதே டிசம்பர் கடைசியில்தான், அப்போதும் நெரிசல் நேரத்தில் அனுமதி கிடையாது. ஸ்கூட்டர் வாங்கியதில் தப்பே இல்லை. ஆனால் ரயில் பழையபடி ஓட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. அந்தப் பகுதிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஸ்கூட்டரை விற்கச் சொல்லவில்லை. ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போங்கள். ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் போய் அங்கே நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம், பேசாமல் நேராக அலுவலகத்துக்கே ஓட்டிக்கொண்டு போங்கள். நுங்கம்பாக்கம் படியில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.